காற்றைப் பார்த்து நகரும் கோழிக்கூண்டு

பஞ்சாரம் தெரியாத தமிழ் ஊர் கிடையாது. மூங்கில் சிம்பால் முடைந்த, அடிப்பாகம் இல்லாத பெரிய கூடை. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் முற்றத்தில் விட்டு அதைக் கவிழ்த்துவிட்டால் காக்கையும் பருந்தும் நெருங்க முடியாது. கோழி தரையைச் சீய்த்துப் பொறுக்கும், முடைந்த கண்கள் வழியே காற்று போய்வரும். வெயில் ஏறினால் ஒரு கையால் தூக்கி நிழலில் வைத்துவிடலாம். இதே எண்ணம் அமெரிக்காவில் ‘சிக்கன் டிராக்டர்’ என்ற பெயரில் 1990களில் பிரபலமானது. விர்ஜீனியா மாநிலத்தில் பாலிஃபேஸ் பண்ணை நடத்தும் ஜோயல் சாலட்டின், 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட, அடிப்பாகமில்லாத கூண்டுகளைப் புல்வெளியில் தினம் ஒரு கூண்டளவு நகர்த்திக் கோழி வளர்க்கிறார். கோழிக்குப் புதுப் புல், புல்லுக்குக் கோழி எரு. கூண்டுக்குச் சக்கரம் வைப்பதற்கு அங்கே காரணம் அதுதான்.

சென்னைக் கடற்கரையில் உள்ள நொச்சிக்குப்பத்தில் புல்வெளி இல்லை. கிழக்கே மணல், அதற்கு அப்பால் கடல். மேற்கே அரசு வாரியக் குடியிருப்புகளின் அடுக்குமாடிகள். நடுவே லூப் சாலை, 2024இல் திறந்த மீன் அங்காடி, வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் இடம். கூரைவீட்டு வாசலில் பஞ்சாரம் கவிழ்த்த காலம் போய், மாடிவீட்டுத் தரைத்தளத்துச் சுவரோரம்தான் இப்போது கோழிக்குக் கிடைக்கும் இடம். அங்கே நகரும் கூண்டு எதற்கு என்று கேட்டால், நிழலுக்கு, காற்றுக்கு, காய்ந்த தரைக்கு என்பதே என் பதில். கூண்டின் நீளம், உயரம், எடை, கட்டு, சக்கரம் எல்லாவற்றையும் இந்த மூன்றும்தான் முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஐரோப்பிய, அமெரிக்க வரைபடங்களை அப்படியே கொண்டுவந்தால் அவை குளிருக்கும் புல்லுக்கும் போட்ட கூண்டுகளாகவே இருக்கும்.

முதலில் கோழியின் உடம்பைப் பார்ப்போம். அதன் இயல்பான உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. நமக்கு அது கடும் காய்ச்சல். உடம்பு முழுவதும் இறகு, வியர்வைச் சுரப்பியோ ஒன்றுகூடக் கிடையாது. வெயில் கூடும்போது கொண்டை, தாடி, கால் ஆகிய இறகில்லாத இடங்களுக்கு ரத்தத்தை அதிகம் அனுப்பி வெப்பத்தைக் காற்றில் விடும், சிறகை உடம்பிலிருந்து அகற்றிப் பிடிக்கும். சுற்றுவெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் இவை போதாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும். மூச்சோடு போகும் நீராவி வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

கடற்கரையில் சிக்கல் இங்கேதான். காற்றில் ஈரம் மிகுந்தால் மூச்சிலிருந்து நீர் ஆவியாவது மந்தமாகிறது. கோழி இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறது. அந்த வேகத்தில் ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயுவும் வெளியேறுகிறது, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. முட்டை ஓடு ஏறத்தாழ முழுவதுமே கால்சியம் கார்பனேட். அதில் கார்பனேட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் கரியமில வாயுவிலிருந்துதான் வருகிறது. மூச்சு வாங்கும் கோழி அதை இழக்கிறது. கத்திரி வெயிலில் முட்டை ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே விரிசல் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெயிலில் தீனியைக் குறைத்துக்கொள்வது இன்னொன்று. தீவனத்தில் மட்டும் பழியைப் போட்டுவிட்டு, கூண்டை உச்சிவெயிலில் விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர்.

அதனால் கூண்டு கட்டுவதற்கு முன் சூரியனையும் காற்றையும் படிக்க வேண்டும். சென்னை இருப்பது வடக்கே 13ஆம் அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மறுபடி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் 3 மீட்டர் உயரச் சுவரின் நிழல் தெற்குப் பக்கம் அரை மீட்டர் அளவே விழும். டிசம்பர் 22இல் அதே சுவரின் நிழல் வடக்குப் பக்கம் 2 மீட்டருக்கு மேல் நீளும். ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் தரும் நிலையான இடம் இந்த ஊரில் மரத்தடி மட்டுமே. ஒரே இடத்தில் சிமென்ட் போட்டுக் கட்டிய கூண்டு ஆண்டில் சில மாதங்களாவது தவறான இடத்தில் இருக்கும்.

அடுத்து காற்று. காலையில் நிலம் சூடேற, நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும்பும். கடல் அவ்வளவு வேகமாகச் சூடேறாது. நண்பகலை ஒட்டி, கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று கரையேறுகிறது. கோடையில் சென்னையைக் காப்பாற்றுவது இதுதான். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நகரம் பார்த்திருக்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நொச்சிக்குப்பத்துக்கு உள்ள பெரிய வரம், கடற்காற்று நகரத்தில் முதலில் தொடுவது இந்தக் கரையைத்தான்.

வெப்பநாட்டுக் கோழிக்கொட்டகைக்குப் பாடப்புத்தகம் சொல்லும் விதி ஒன்று உண்டு: நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் படும். திறந்தவெளியில் கட்டும் பெரிய கொட்டகைக்கு அது சரி. நொச்சிக்குப்பத்தில் அப்படி வைத்தால் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று கூண்டின் குறுகிய முகத்தில்தான் நுழையும். இங்கே நான் விதியை மாற்றிப் போடச் சொல்வேன். மாடிக்கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில், சுவருக்கு இணையாக, தெற்கு வடக்கு நீளவாக்கில் கூண்டை வையுங்கள். மதியத்துக்கு மேல் சூரியன் மேற்கே சாயும்போது கட்டடமே நிழல் தரும். அந்த நேரத்தில்தான் கடற்காற்றும் வலுக்கிறது. நிழலும் காற்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். காலைவெயில் மட்டும்தான் கூண்டில் படும். அதைக் கிழக்கு முகத்தில் ஒரு நனைத்த கோணியைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம். சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டடி தள்ளி வைப்பது முக்கியம். காலையில் சூடேறிய சுவர் மதியமும் வெப்பத்தை உமிழும். கூண்டுக்குள் நுழைந்த காற்று பின்னால் வெளியேறவும் வழி வேண்டும்.

நான்கு பெட்டைக் கோழிகளுக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் போதும், பகலில் சில மணி நேரம் வெளியே மேய விடுவதாக இருந்தால். ஒரு முனையில் இரண்டடி நீளத்துக்கு, தரையிலிருந்து உயர்த்திய இராத்தங்கல் அறை. காட்டுக்கோழி மரக்கிளையில்தான் தூங்கும், அந்தப் பழக்கம் வீட்டுக்கோழியின் ரத்தத்திலும் இருக்கிறது. இருட்டத் தொடங்கினால் யாரும் விரட்டாமலே உயரமான இடத்தைத் தேடி ஏறும். குறுக்குக் கழி ஒன்று, கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கழியைவிட முட்டைப் பெட்டி தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக வைத்தால் கோழிகள் அதில் படுத்து எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும். நான்கு கோழிகளுக்கு ஒரு பெட்டி போதும், பக்கத்துக்கு ஓரடி.

சட்டத்துக்கு இரும்பு வேண்டாம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உப்போடு காற்றில் ஏறிவருகின்றன. கரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் அவை படிவது மிக அதிகம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தை வைத்திருக்கும். அதிலுள்ள குளோரைடு, துருப்படலத்தை ஊடுருவி அடியிலிருக்கும் இரும்பை அரிக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் இதற்கென்றே சோதனைக்களம் வைத்து உலோகங்கள் அரிபடுவதை ஆராய்ந்திருக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி கொஞ்ச காலம் தாங்கும். தான் அரிபட்டு இரும்பைக் காப்பது துத்தநாகத்தின் இயல்பு. அது தீர்ந்ததும், குறிப்பாகக் கம்பியை வெட்டிய முனைகளில், துரு தொடங்கிவிடும்.

இதற்குத் தீர்வைக் குப்பமே வைத்திருக்கிறது. கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்தே அதைக் கடலில் இறக்கினார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தினார்கள். ஃபைபர் படகு வந்தபிறகும் முடிச்சு போடும் கை இங்கே மறையவில்லை. சவுக்குக் கழியிலோ முற்றிய மூங்கிலிலோ சட்டம் செய்து, மூலைகளை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் துருப்பிடிக்க எதுவும் இல்லை. கயிற்றுக்கட்டு கொஞ்சம் நெகிழும், மேடுபள்ளத்தில் இழுக்கும்போது மூலை உடையாது. தளர்ந்தால் மறுபடி இறுக்கலாம். வெயிலில் நைலான் நாளடைவில் நொய்ந்துபோகும் என்பதால் மழைக்காலத்துக்கு முன் கட்டுகளைச் சோதித்து மாற்றிவிட வேண்டும். தச்சரைத் தேடுவதைவிட, வலை பின்னுகிற பெரியவர் ஒருவரை உட்காரவைத்து இந்தக் கூண்டைக் கட்டுவதே சரி என்று நினைக்கிறேன்.

வலைக்கண்ணுக்குப் பழைய மீன்வலை தாராளமாகக் கிடைக்கும். பகலில் காக்கைக்கும் பருந்துக்கும் அது போதும். ராத்திரிக்குப் போதாது. தெருநாய் பாய்ந்து கிழிக்கும், பெருச்சாளி கடித்துத் துளையிடும். இராத்தங்கல் அறைக்கு மட்டும் அரையங்குலக் கண்ணுள்ள, பிளாஸ்டிக் பூசிய வெல்ட்மெஷ் போடுங்கள். கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும், நாயை வெளியே நிறுத்த உதவாது. கூண்டு மணலில் நிற்கும் என்றால், சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுத்தவாறு விரித்து விடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தடுத்தால் பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

கூரையில் பலர் தகரம் போடுகிறார்கள். வெயிலில் தகரத்தின் அடிப்பக்கம் 55 டிகிரி வரை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரியில் உள்ள கோழியின் மேல்புறத்தை நோக்கி அது வெப்பக்கதிராக அனுப்பும் நிகர ஆற்றல், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 145 வாட். இரண்டு கிலோ எடையுள்ள கோழி தன் உடம்பில் உண்டாக்கி வெளியேற்ற வேண்டிய வெப்பமே சுமார் 10 வாட்தான். அதன் முதுகின் பரப்பைக் கணக்கிட்டால், தகரம் மேலும் ஆறேழு வாட்டை அதன் மேல் ஏற்றுகிறது. காற்று எவ்வளவு வீசினாலும் இந்தக் கதிரை அது தடுக்காது. அதனால் கூரை இரண்டடுக்காக இருக்கட்டும்: மேலே வெள்ளைத் தார்ப்பாய், நாலு விரல் இடைவெளி விட்டு, கீழே மூங்கில் தட்டி. மேலடுக்கு வெயிலை வாங்கும், இடையே ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகும், தட்டி கோழியை நோக்கிக் குறைவாகவே கதிர்வீசும். எடையும் குறைவு. தென்னங்கீற்று இதைவிடக் குளிர்ச்சிதான். ஆனால் வீடுகள் நெருங்கிய இடத்தில் தீப்பொறிக்குப் பயந்துதான் அதை நான் சொல்லவில்லை.

சக்கரம் எந்த முனையில் இருக்க வேண்டும்? எடை மிகுந்த இராத்தங்கல் அறை இருக்கும் முனையில்தான். மொத்த எடை 30 கிலோ என்று கொள்வோம். அறை சக்கரத்துப் பக்கம் இருந்தால் எடைமையம் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டரில் விழும். எதிர்முனையில் வெளியே நீண்டிருக்கும் கைப்பிடி அச்சிலிருந்து 240 சென்டிமீட்டரில் இருக்கிறது. தூக்க வேண்டிய பளு 30×60÷240, அதாவது ஏழரை கிலோ. அறையைக் கைப்பிடிப் பக்கம் வைத்துவிட்டால் எடைமையம் 120 சென்டிமீட்டருக்குப் போய், பளு 15 கிலோவாகும். கூண்டு அதேதான், பாட்டியோ பள்ளிப்பிள்ளையோ தனியாக நகர்த்த முடியுமா என்பதை இந்த ஒரு முடிவு தீர்மானிக்கிறது. கைப்பிடியைத் தூக்கும்போது மட்டும் சக்கரம் தரையில் பட வேண்டும், இறக்கினால் சட்டம் முழுவதும் தரையில் படிய வேண்டும். இல்லையென்றால் அடியிலுள்ள சந்தில் பெருச்சாளி புகும். சிமென்ட் தரைக்கு அகலமான நைலான் சக்கரம் போதும். மணலில் ஒல்லிச் சக்கரம் புதைந்து நின்றுவிடும். அங்கே சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் பிடித்துத் தூக்குவதே சுலபம்.

இனி கூண்டை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை நகர்த்துவது என்ற கேள்வி. கோழிக்குஞ்சுகளைக் கொல்லும் ரத்தக்கழிச்சலுக்குக் காரணமான ஒட்டுண்ணி எச்சத்தோடு வெளியேறும்போது உடனே நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அது முதிர்ந்து, அடுத்த கோழியின் வயிற்றுக்குள் போகக் காத்திருக்கும். அதற்குள் கூண்டை நகர்த்திவிட்டால் அந்தச் சங்கிலி அறுபடுகிறது. ஈயின் கதையும் அப்படித்தான். நம் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழெட்டு நாள் போதும். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கினால்தான் பக்கத்து வீட்டுக்கு நாற்றம் போகும். அதற்கும் ஈரம் வேண்டும். எனவே சுவரோரம் மூன்று நான்கு கூண்டு நீளத்துக்கு இடம் ஒதுக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு நீளம் நகர்த்துங்கள். விட்டுவந்த இடத்தைப் பெருக்கி, காலைவெயிலில் காயவிடுங்கள். கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இடம் அவ்வளவு இல்லையென்றால் அடியில் தேங்காய்நார்த் தூளைப் பரப்பி, ஈரமானதை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும். அள்ளியது மாடித் தோட்டத்துக்கு எருவாகும், மக்கவைத்த பிறகு.

அக்டோபரில் எல்லாம் தலைகீழாகும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது, சாரல் கடல் பக்கமிருந்துதான் அடிக்கிறது. கோடையில் காற்று தந்த அதே கிழக்குமுகம் இப்போது கோழியை நனைக்கும். வாடை தொடங்கும் முன் கூண்டைக் கட்டடத்தின் மேற்குப் பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். தரையிலிருந்து செங்கல் உயரம் தூக்கிவைத்தால் தேங்கும் தண்ணீருக்கும் பயமில்லை.

புயல் வேறு கணக்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரைகடந்தபோது காற்று மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் காற்று தரும் அழுத்தம் 57 கிலோ எடைக்குச் சமம். கூண்டின் நீளப்பக்கம் ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல். பக்கவாட்டில் தார்ப்பாயைக் கட்டிவிட்டால் 30 கிலோ கூண்டின் மேல் 90 கிலோ விசை விழும், பாய் விரித்த படகைப் போல அது கிளம்பிவிடும். வலை மட்டும் இருந்தால் காற்று பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். ஆகவே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் பக்கத் தார்ப்பாய்களையும் கூரையையும் அவிழ்த்துவிடுங்கள், சட்டத்தின் மேல் மணல்மூட்டை ஏற்றுங்கள். கோழிகளை ஒரு பழைய பஞ்சாரத்தில் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோங்கள். ஆணி அடிக்காமல் கயிற்றில் கட்டியதன் பலன் அப்போது தெரியும், அரைமணியில் கூரை கையோடு வந்துவிடும்.

தீனியில் கடற்கரை தரும் உதவி கிளிஞ்சல். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாகும் இருபது மணி நேரத்தில் பெரும்பகுதி இரவில் கழிகிறது, அந்த நேரத்தில் கோழி தின்பதில்லை. பொடியாக அரைத்த சுண்ணாம்பு சீக்கிரம் கரைந்து போய்விடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் நொறுக்கிய கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, நொறுக்கி, மாலையில் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், வேண்டிய அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும். கருவாட்டுத் துண்டுகளைப் போடாதீர்கள். இதே கரையில் திரியும் கடற்புறாவுக்குக் கண்ணுக்கு மேலே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு, கோழிக்கு அது வேலை செய்வதில்லை. உப்பு மிகுந்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். உப்பில்லாத மீன்கழிவை வேகவைத்துச் சிறிதளவு கொடுக்கலாம். அளவு கூடினால் சில கோழிகளின் முட்டையில் மீன்வாடை ஏறும். பழுப்பு முட்டையிடும் சில இனங்களில், அந்த வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமைனை வாடையற்றதாக மாற்றும் நொதியின் மரபணு பழுதாகியிருக்கிறது.

எந்தக் கோழி என்று கேட்பவர்களுக்கு: சிறுவிடை. உடம்பு சிறியது, வெயிலைத் தாங்கும், காக்கையைக் கண்டால் குஞ்சுகளை மறைக்கத் தெரியும். ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டைதான் கிடைக்கும். அதிக முட்டை வேண்டுமென்றால் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே, நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நந்தனம் கோழிகள் உண்டு. சேவல் வேண்டாம். பெட்டைகள் முட்டையிடச் சேவல் தேவையில்லை, அடுக்குமாடியில் விடிகாலை நாலு மணிக்குக் கூவுவதை எல்லோரும் பொறுக்கமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கூண்டின் எந்த வடிவமும் தடுக்காது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டே காலியாகும், பக்கத்து வீட்டுக் கோழிகளும் போகும். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. அரசு கால்நடை மருந்தகத்திலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டு, குஞ்சுப் பருவத்தில் சொட்டுமருந்தும் எட்டாவது வாரத்தில் ஊசியும் போட்டுவிடுங்கள். குப்பத்தில் கோழி வளர்க்கும் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டால்தான் அதற்கு முழுப் பலன் உண்டு.